"நான்" என்று எழுதும் உரிமை

(மாதர் தினத்தையொட்டி ஒரு வாசகசாலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பு மாதர் எழுதிய சுயசரிதைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டபோது நான் தயங்கினேன். மெட்ரிகுலேஷன் வரை படித்தவன் நான். இலக்கிய விமர்சகன் அல்ல. தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனுவும் துண்டுப் பிரசுரமும் எழுதிப் பழகிய கை என்னுடையது. "நாங்கள்" என்று எழுதுவது எனக்குச் சுலபம். யாராவது "நான்" என்று தொடங்கினால், 'இது தனிமனிதப் புலம்பல்தானே, இயக்கத்துக்கு இதனால் என்ன பயன்?' என்று நினைக்கும் சுபாவம் எனக்கு நெடுநாள் இருந்தது. அது தவறு என்று எனக்குப் புரியவைத்த மூன்று பெண்களைப் பற்றிச் சொல்லுகிறேன்.

தாய் அடிமை, சேயும் அடிமை

முதலாமவர் ஹாரியட் ஜேக்கப்ஸ். அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் ஈடன்டன் என்ற ஊரில், 1813-ஆம் ஆண்டு வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். அவர் ஏன் அடிமை? அவர் தாய் அடிமை. அதனால் அவரும் அடிமை. 1662-லேயே வர்ஜீனியாவில் இப்படிச் சட்டம் செய்துவிட்டார்கள். தகப்பன் யாராயிருந்தாலும் சரி, தாயின் நிலைதான் குழந்தையின் நிலை!

இந்தச் சட்டத்தின் பொருளாதாரத்தைப் பாருங்கள். 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. ஆனாலும் 1860-இல் அந்த நாட்டில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். எப்படி? அடிமைப் பெண்ணின் வயிற்றிலிருந்துதான். அவளை எஜமானன் பலாத்காரம் செய்தால் அவனுக்குத் தண்டனை இல்லை, சொத்துத்தான் பெருகும். பருத்திக் காட்டில் அவளுடைய உழைப்பைச் சுரண்டினார்கள். வீட்டில் அவளுடைய தாய்மையையும் சுரண்டினார்கள்.

ஜேக்கப்ஸின் முதல் எஜமானி அவருக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தவள். ஆனால் சாகும்போது விடுதலை கொடுக்கவில்லை. கட்டில், மேஜையை எழுதி வைப்பதுபோல், தன் உறவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அவரை உயில் எழுதி வைத்துவிட்டாள்! அந்தக் குழந்தையின் தகப்பன் ஒரு டாக்டர். அவன் சிறுமி ஜேக்கப்ஸை இச்சைக்கு இணங்கும்படி ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தினான். அவன் பிடியில் விழாமலிருக்க அவர் வேறொரு வெள்ளையரின் உறவை ஏற்று இரண்டு குழந்தைகளைப் பெற்றார். இதை அவர் மறைக்கவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறார். ஆனால், சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத பெண்ணைச் சுதந்திரமான பெண்ணை அளக்கும் கோலால் அளப்பது நியாயமா என்றும் கேட்கிறார்.

1835-இல் அவர் தப்பினார். எங்கே போனார்? விடுதலை பெற்றிருந்த தம் பாட்டியின் வீட்டுப் பரணுக்கு! 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலேயே 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. அதில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். பலகையில் சிறு துளை போட்டு, கீழே விளையாடும் தம் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். தாய் மேலேயிருப்பது குழந்தைகளுக்குத் தெரியாது. 1842-இல்தான் கப்பலேறி வடக்கே போனார். அங்கேயும் ஆள்பிடிப்பவர்கள் தொடர்ந்தார்கள். 1852-இல் அவர் வேலை செய்த வீட்டு அம்மாள் 300 டாலர் கொடுத்து அவரை மீட்டார். அந்த அம்மாளிடம் அவருக்கு நன்றியுண்டு. ஆனாலும், தம்மை விலைக்கு வாங்கியதற்கு ஒரு ரசீது இருக்கிறதே என்ற கசப்பு அவரை விடவில்லை.

பகலெல்லாம் பிறர் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டு, இரவில் திருடிய நேரத்தில் தம் கதையை எழுதினார். 1861-இல் புத்தகம் வெளிவந்தது. ஆனால் அவர் பெயரில் அல்ல. "லிண்டா பிரென்ட்" என்ற புனைபெயரில். பதிப்பாசிரியராக ஒரு வெள்ளை அம்மையாரின் பெயர் இருந்தது. அவ்வளவுதான்! இது அந்த அம்மையார் கட்டிய நாவல், அடிமைப் பெண்ணால் இவ்வளவு நன்றாக எழுத முடியுமா என்று படித்தவர்கள் பலர் நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். ஜீன் ஃபாகன் யெல்லின் என்ற ஆராய்ச்சியாளர் பழைய கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் தேடியெடுத்து, இது ஜேக்கப்ஸின் சொந்த வாழ்க்கை, சொந்த எழுத்து என்று நிரூபித்து 1987-இல் பதிப்பித்தார். ஜேக்கப்ஸ் 1897-லேயே இறந்துவிட்டார். எஜமானன் உடலுக்கு உரிமை கொண்டாடினான். கற்றவர்கள் சாட்சியத்தையே பிடுங்கிக் கொண்டார்கள்.

தையல் இயந்திரத்தின் முன்னே

இரண்டாமவர் தோழர் கிளாடியா ஜோன்ஸ். 1915-இல் டிரினிடாடில் பிறந்து, சிறுமியாக நியூயார்க் வந்தவர். கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறையில் அடைத்து, 1955 டிசம்பரில் நாடு கடத்தினார்கள். புறப்படுமுன் தோழர் பாஸ்டருக்குத் தம் வாழ்க்கையைக் கடிதமாக எழுதினார். ஆடைத் தொழிற்கூடத்தில் தையல் இயந்திரத்தின் முன்னே, 37 வயதில் தம் தாய் உயிர்விட்டதை அதில் சொல்லுகிறார். அந்தச் சாவிலிருந்துதான் அவருடைய அரசியல் தொடங்குகிறது. அவரே 1949-இல் எழுதிய கட்டுரையில், கறுப்புப் பெண் தொழிலாளி என்ற முறையிலும், கறுப்பர் என்ற முறையிலும், பெண் என்ற முறையிலும் சுரண்டப்படுகிறாள் என்று காட்டி, முற்போக்காளர்களே அவளைப் புறக்கணிப்பதைக் கண்டித்தார். நம்மையும் சேர்த்துத்தான் அந்தக் கண்டனம், தோழர்களே!

தயங்கிய கை

மூன்றாமவர் ஏஞ்சலா டேவிஸ். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்காக 1969-இல் கலிபோர்னியாவில் அவருடைய பேராசிரியர் வேலைக்கு உலை வைத்தார்கள். 1970-இல் கைது செய்து கொலைக் குற்றம் சாட்டினார்கள். உலகெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1972 ஜூனில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1974-இல் சுயசரிதை வெளிவந்தது. அதன் முன்னுரையில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சுயசரிதை எழுத அவரே தயங்கினாராம்! தம்மை மற்றவர்களிலிருந்து வேறுபட்டவராகக் காட்டிவிடுமோ என்று அஞ்சினாராம். பிறகு, தம் கதை இயக்கத்தின் கதையாக, சிறையில் கிடக்கும் பெயர் தெரியாதவர்களின் கதையாக இருக்கட்டும் என்று எழுதினார்.

என் சந்தேகத்துக்கு இங்கேதான் விடை கிடைத்தது. சொத்தாக எண்ணப்பட்டவள் "நான்" என்று சொல்வது அகந்தையல்ல. அதுவே அவளுடைய முதல் கலகம். அந்த "நான்" இல்லாமல் கட்டிய "நாங்கள்" பாதிப்பேரை வெளியே நிறுத்திய "நாங்கள்".

ஒன்றை ஒப்புக் கொண்டு முடிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தொழிலாளி மனு எழுதச் சொல்லி வந்தார். கூலிக் குறைவைச் சொன்னார். மேஸ்திரி தம்மிடம் நடந்துகொண்ட முறையையும் சொன்னார். கூலியை எழுதினேன். மற்றதை, "அது சொந்த விஷயம், அம்மா" என்று விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அந்த மனுவில் அவர் இல்லை. இனி நாம் எழுதும் மனுக்களில் அவர் இருக்க வேண்டும். அவர் சொல்லட்டும், நாம் எழுதுவோம். அவரே எழுதும் நாளுக்காகப் பாடுபடுவோம்!