எந்தப் பாடம்? செபெர் யெட்சிராவின் ஏட்டு வரலாறு

  சமய நூல்களின் சுவடி மரபை ஆராயும் கருத்தரங்கில் தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். நான் ஒரே ஒரு சிறு நூலை எடுத்துக்கொள்கிறேன். பதிப்பாசிரியர் சந்திக்கக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே இருக்கின்றன.

யூத மறைஞான மரபின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று செபெர் யெட்சிரா, அதாவது படைப்பு நூல். சில பக்கங்களில் அடங்கிவிடும். எபிரேய எழுத்துகள் 22, செபிரோத் எனப்படும் மூல எண்கள் 10, ஆக 32 வழிகளால் இறைவன் உலகை அமைத்தான் என்று அது தொடங்குகிறது. எழுத்துகளை மூன்று தாய் எழுத்துகள், ஏழு இரட்டை எழுத்துகள், பன்னிரண்டு தனி எழுத்துகள் என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வானில் ஒன்று, ஆண்டில் ஒன்று, மனித உடலில் ஒன்று எனப் பொருத்திச் செல்கிறது. மரபு இதை ஆபிரகாமின் நூல் என்று சொல்லும். ஆய்வாளர்களோ 2ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை பல காலங்களைக் கணித்திருக்கிறார்கள்.

நமக்கு முக்கியமான நூற்றாண்டு பத்தாவது. சூரா கல்விக்கழகத்தின் தலைவர் சாதியா காவோன் 931இல் இந்நூலுக்கு அரபு மொழியில் உரை எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, வட ஆப்பிரிக்காவின் கைரவானில் துனாஷ் இபின் தமீம் என்ற அறிஞர் உரை எழுதினார். அதே நூற்றாண்டில் தென் இத்தாலியின் மருத்துவர் சப்பத்தாய் தொன்னோலோவும் உரை எழுதினார். மூவர் கையிலும் இருந்தவை மூன்று வேறு பாடங்கள். துனாஷிடம் இருந்தது இன்று நாம் குறும்பாடம் என்பது. தொன்னோலோவிடம் இருந்தது நெடும்பாடம். சாதியாவுடையது வரிசையே மாறிய மூன்றாவது பாடம். நூல் நமக்கு முதன்முதலாகத் தெளிவாகக் கண்ணில் படும்போதே அது மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

இதைச் சாதியாவே உணர்ந்திருந்தார். இந்நூல் பலர் கையில் புழங்குவதில்லை, அதன் சொற்களைக் காத்து வைக்கப் பலருக்குத் தெரியவில்லை என்று முன்னுரையில் வருந்துகிறார். அதனால்தான் ஒவ்வொரு பகுதியையும் முதலில் முழுமையாக எழுதிவிட்டு, பிறகே விளக்கம் சொல்கிறார். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உரையாசிரியர் பாடபேதத்தைக் கண்டு கவலைப்பட்டு, அதற்கென ஒரு நடைமுறையையும் வகுத்துக்கொண்டார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? யூதத் திருமறையின் எழுத்துகளை எண்ணிக் கணக்கு வைத்துக் காத்தவர்கள் மசோரா அறிஞர்கள். அந்தக் காவல் இந்த நூலுக்குக் கிடைக்கவில்லை. இது மனப்பாடமாகவும் ஏடாகவும் ஒரே காலத்தில் வாழ்ந்தது. பெரும்பாலும் உரைகளோடு சேர்த்தே படியெடுக்கப்பட்டதால், விளிம்பில் எழுதிய குறிப்பு அடுத்த படியில் மூலமாகிவிடும். எழுத்துக்கும் கோளுக்கும் உறுப்புக்கும் பட்டியல் போடும் நூல் என்பதால், விடுபட்டதாகத் தோன்றிய இடங்களை நிரப்பும் ஆசையும் எழுதுவோருக்கு எழுந்தது.

இப்படிப் பிரிந்த பாடங்களுள் ஒன்றுக்குப் பழைய சான்று கிடைத்த இடம் கெய்ரோ. அதன் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், பயன்பாட்டிலிருந்து நீங்கிய ஏடுகளை அழிக்காமல் போட்டுவைக்கும் கெனீசா என்ற அறை இருந்தது. அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896–97இல் அங்கு சென்று, ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் செபெர் யெட்சிராவின் சுருள் ஒன்றும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அதன் பாடம், சாதியாவின் பாடத்தோடு ஒத்துப் போகிறது. ஆய்வாளர் ஹாபர்மன் அதை 1947இல் வெளியிட்டார். உரையிலிருந்து பிரித்தெடுத்துத்தான் அறிய வேண்டியிருந்த ஒரு பாடத்துக்கு, உரையில்லாத தனி மூலமாக நின்று சான்று சொல்லும் சுருள் அது.

அச்சுக் கதையும் விசித்திரமானது. எபிரேய மூலம் அச்சேறும் முன்பே, 1552இல் பாரிஸில் கியோம் போஸ்டெல் இலத்தீன் மொழிபெயர்ப்பை வெளியிட்டுவிட்டார். மூலம் 1562இல் இத்தாலியின் மாந்துவா நகரில் வந்தது. அந்தப் பதிப்பாளர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். குறும்பாடத்தை உரைகளோடு அச்சிட்ட அவர்கள், நெடும்பாடத்தை மறைத்துவிடவில்லை. இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யவும் இல்லை. பின்னிணைப்பாக அப்படியே தந்தார்கள். ஆனால் அதே பதிப்பில் ராபத் என்ற பேரறிஞரின் பெயரில் வந்த உரை உண்மையில் அவருடையதன்று. யோசேப்பு பென் ஷாலோம் அஷ்கெனாசி எழுதியது. பெரிய பெயரோடு அச்சேறிய அந்தப் பிழை நெடுங்காலம் நிலைத்தது.

விலினாவின் காவோன் எலியாஹு (1720–1797) செய்தது வேறு வகையான வேலை. லூரியாவின் கபாலா என்ற மறைஞான மரபுக்கும் சோஹர் என்ற மறைஞான நூலுக்கும் இசையும்படி அவர் பாடத்தைச் செப்பனிட்டார். அது 1806இல் குரோத்னோவில் அச்சாயிற்று. எடுத்துக்காட்டாக, பழைய பாடங்கள் பலவற்றில் பேத் என்ற எழுத்துக்கு உரிய கோள் சனி. காவோனின் பாடத்தில் சந்திரன். சோஹர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்டது. லூரியா 16ஆம் நூற்றாண்டினர். பின்னால் வந்தவற்றை வைத்து முன்னால் இருந்ததைத் திருத்துவது பக்தியின் வழி, ஏட்டாய்வின் வழியன்று. அவருடைய மேதைமைக்கு இதனால் குறைவில்லை. ஆனால் ஆர்யே கப்லானின் ஆங்கில நூல் இப்பாடத்தையே அடிப்படையாகக் கொண்டு உலகெங்கும் பரவியதால், இன்று பலரும் பழமையானது என்று நம்பிப் படிப்பது 18ஆம் நூற்றாண்டின் திருத்தத்தைத்தான்.

இத்தமார் குருன்வால்ட் 1971இல் முதல்நிலை ஆய்வுப் பதிப்பைத் தந்தார். பீட்டர் ஹேமன் 2004இல் வெளியிட்ட பதிப்பில், நெடும்பாடத்துக்கு வத்திக்கான் ஏடு, குறும்பாடத்துக்கு 1286இல் எழுதப்பட்ட பார்மா ஏடு, சாதியா பாடத்துக்குக் கெனீசா சுருள் என மூன்றையும் அருகருகே மூன்று பத்திகளாக நிறுத்தினார். அவற்றின் பின்னால் இருந்திருக்கக்கூடிய, மீட்க முடிந்த மிகப் பழைய பாடத்தையும் ஊகித்துக் காட்டினார். அதை மூலநூல் என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. எனக்கு அந்த ஊகத்தைவிட மூன்று பத்திகளே பெரிது. ஊகம் நாளை மாறலாம். ஏடுகள் சொல்வதை உள்ளபடி அருகருகே வைத்தது மாறாது. மூன்றையும் உருக்கி ஒரே பாடமாக்கினால், எந்தக் காலத்திலும் எவரும் படித்திராத ஒரு நூலைத்தான் நாம் அச்சிடுவோம்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தச் சமயத்தின் நூலானாலும் மேற்கோள் காட்டும்போது நூற்பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாடம், எந்த ஏடு, யார் பதிப்பு என்பதை அடிக்குறிப்பில் எழுதுங்கள். அந்த விவரம் இல்லாத கட்டுரைகளைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்புக் குழுவையும் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.