கோயில் சுவரும் ஒரு பதிவேடுதான்



பட்டா, சிட்டா வேணும்னா இப்போ கைபேசியிலேயே எடுத்துடறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த விவரமெல்லாம் எங்கே இருந்தது? கோயில் சுவரிலும் செப்பேட்டிலும்தான். பிரகாரம் சுற்றும்போது சுவரின் அடிப்பகுதியில் வரிவரியாக எழுத்துகள் தெரியுமே, அவற்றில் பெரும்பாலானவை நிலம், வரி, விளக்கெரிக்க விட்ட ஆடுகள், ஊர்ச் சபை எடுத்த முடிவு பற்றியவை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் தேர்ந்தெடுக்க யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய விதிகள் இன்னும் அந்தச் சுவரில் இருக்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

சரி, சுவரும் போய், கட்டடமும் போய்விட்டால் என்ன ஆகும்? அதற்கு நாகப்பட்டினம்தான் சாட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் பெரிய சிவபக்தர். அவர் காலத்தில்தான் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தக் கோயிலைக் கட்டினார். அதன் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராசன் எழுதி வைத்தார். பெண் யானையை நடக்க விட்டு அந்த ஊரின் எல்லையைக் குறித்தார்கள். இந்தக் காலத்து சர்வே மாதிரிதான்! அவர் மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார். மொத்தம் 21 ஏடுகள். அவை பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டுக்குப் போய்விட்டதால், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

விகாரம் என்ன ஆனது? 19ஆம் நூற்றாண்டில் செங்கல்லாலான ஒரு கோபுரம் மட்டும் மிஞ்சி நின்றது. அதையும் 1867இல் அரசின் அனுமதியோடே இடித்துவிட்டார்கள். ஆனால் மண்ணுக்குள் இருந்தது தப்பியது. 1856 தொடங்கி 1930கள் வரை நாகப்பட்டினத்தில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கிடைத்ததை யாரோ எடுத்துச் சொன்னதால்தான், ஒரே மண்ணில் சிவன் கோயிலும் புத்த விகாரமும் அரசரின் ஆதரவோடு இருந்தன என்பதற்கு இன்று கண்முன்னே சான்று இருக்கிறது.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, போவதற்கு முன் பத்து நிமிடம் படியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கல்வெட்டு நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் போகும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்க. இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு போய் நின்றால், பிள்ளைகளுக்கும் சொல்லிக் காட்டலாம்.

இரண்டாவது, எழுத்தின் மேல் கை வைக்காதீர்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். விளக்கேற்றிய கையைச் சுவரில் துடைக்க வேண்டாம். பெயர் கிறுக்குவது விளையாட்டல்ல. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் வழிபாட்டில் உள்ள கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். வயலில் உழும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ ஒரு சிலை கிடைக்கிறதா? புத்தரோ, விஷ்ணுவோ, யாராக இருந்தாலும் தேய்த்துக் கழுவாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், விலை பேச வருகிறவரிடம் காட்டாதீர்கள். கிடைத்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. முறைப்படி தெரிவித்தால், கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. அதனால் பயப்பட வேண்டியதில்லை.

எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் அந்தச் சிலையின் வரலாறு. இடம் மாறிவிட்டால் அது வெறும் உலோகம், வெறும் கல். நாகப்பட்டினத்துக் கோபுரத்தை நம்மால் திரும்பக் கட்ட முடியாது. உங்கள் ஊர் மண்ணில் இன்னும் இருப்பதைக் காப்பாற்ற முடியும். அதற்கு நீங்கள் சொல்லும் ஒரு தகவல் போதும்.