இரண்டு பட்டமா, ஒரு பட்டமா?

(மருத்துவம் பயில விரும்பும் வாலிபர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அமெரிக்காவிலே எம்.டி., பிஎச்.டி. ஆகிய இரு பட்டங்களையும் சேர்த்துப் படிக்கும் திட்டம் உண்டு. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) 1964இல் மூன்று கல்லூரிகளில் இதற்கு நிதியுதவி செய்யத் தொடங்கியது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அவ்வுதவி கிடைக்கிறது. சம்பளம் கட்ட வேண்டாம், உதவித்தொகையும் உண்டு. "இலவசம்தானே, சேரட்டும்" என்று பெற்றோர் சொல்லுவது இயல்பே.

ஆனால் இதற்கு விலை உண்டு, அது காலம். முதல் இரண்டு ஆண்டுகள் மருத்துவம், பின்பு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆய்வுக்கூடம், மறுபடியும் மருத்துவமனை என்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னரே சிறப்புப் பயிற்சி. முப்பத்தைந்து வயதிலும் சிலர் பயிற்சியிலேயே இருப்பார்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதில் சேருகிறவர் நடுவழியில் சோர்ந்துபோவார்.

நம் நாட்டுப் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். என்.ஐ.எச். பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றோருக்கும் மட்டுமே. பிற நாட்டவரைச் சில கல்லூரிகளே தங்கள் சொந்த நிதியில் சேர்க்கின்றன.

இரண்டு கல்லூரிகள் அழைத்தால் எதைத் தெரிந்துகொள்வது? பெயரை மட்டும் பாராதிருங்கள். கடைசி ஆண்டு வரை நிதி உறுதியா? நீங்கள் விரும்பும் துறையில் வழிகாட்டக்கூடிய ஆசிரியர் ஒருவர்தானா, பலரா? அவர் வேறிடம் போய்விட்டால் உங்கள் நிலை என்ன? ஆய்வு ஆண்டுகளிலும் நோயாளிகளைப் பார்க்க வழி உண்டா? எத்தனை பேர் இடையில் விட்டுப்போனார்கள்? இவற்றை அங்கே படிக்கும் மாணவரிடமே கேளுங்கள்.

இரட்டைப் பட்டமில்லாமல் ஆராய்ச்சி செய்ய முடியாதா? முடியும். 2012இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் எம்.டி. மட்டும் பெற்றவர். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு ஓர் அறுவை மருத்துவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று மக்கள் நம்பிய நாட்களில், உணர்விழந்த கையில் அறியாமல் உண்டாகும் காயங்களே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். நோயாளியின் கையைக் கூர்ந்து கவனித்ததில் பிறந்த ஆராய்ச்சி அது!

படிப்படியாகவும் போகலாம். டாக்டர் ககன்தீப் காங் வேலூரிலேயே எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து, அதன்பின் பிஎச்.டி. பெற்றார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறித்து ஆராய்ந்த அவர் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

ஆகவே, நோயாளியின் அருகே நின்று "இது ஏன்?" என்று கேட்காமல் இருக்க முடியாதவர், விடைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் ஆயத்தமானவர் இரட்டைப் பட்டத்துக்குப் போகட்டும். குணமாக்குவதிலேயே மனநிறைவு காண்கிறவர் மருத்துவம் மட்டும் படிக்கட்டும். அது குறைவான அழைப்பு அல்ல. பெற்றோரே, பட்டங்களை எண்ணாமல் பிள்ளையின் மனதைக் கேளுங்கள்.