மூலையில் கிடந்த பட்டைவாள்



தச்சுப் பட்டறை ஒன்றின் பின்கட்டில், உடைந்த சாளரச் சட்டங்களுக்கு நடுவே, ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரும்புப் பொறியொன்று கிடந்தது. மேலொன்றும் கீழொன்றுமாக இரு பெருஞ்சக்கரங்கள். அவற்றின்மீது நாடாவைப் போல் சுற்றிச் சுழலவேண்டிய வாள் மட்டும் இல்லை. அது பழைய பட்டைவாள் இயந்திரம். "வாள் வாங்கியே நொடித்துப்போனேன், மாட்டினால் அறுந்துவிடுகிறது" என்றார் அதன் உரிமையாளர். பழைய இரும்பின் விலைக்கே நான் அதை வாங்கினேன்.

வாள் அறுவது இவ்வகைப் பொறியின் பிறவி நோய். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் எஃகு நாடாவின் இரு முனைகளையும் அறாதபடி இணைக்கும் வித்தை அன்று கைகூடவில்லை. பிரான்சில் கிரெப்பன் அம்மையார் அதற்கு வழிகண்டு 1846-இல் உரிமை கோரினார். பாரிசு நகரத்துப் பெரான் நிறுவனம் அதை வாங்கிய பின்னரே பட்டைவாள் பட்டறைகளுக்குள் நுழைந்தது.

இந்த வரலாற்றைப் படித்திருந்ததே எனக்கு இடையூறாயிற்று. குற்றம் இணைப்பில்தான் என்று நம்பி, இரண்டு புது வாள்களை வாங்கி மாட்டினேன். இரண்டும் அன்று மாலைக்குள் அறுந்தன. துருவைத் தேய்த்துப் பச்சை வண்ணம் பூசியிருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். நோயறியாமல் நோயாளிக்குப் பட்டுடுத்திய கதை அது.

அடுத்த தெரு ஆசாரியார் வந்தார். வாளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மேற்சக்கரத்தை இரு கையாலும் பற்றி அசைத்தார்; 'கடக்' என்றது. "தம்பி, வாள் என்ன செய்யும்? அச்சு ஆடுகிறதே!" என்றார். சக்கரத்தின்மேல் வளைவதும், கீழிறங்கும்போது நிமிர்வதுமாக வாள் ஒவ்வொரு சுற்றிலும் நைகிறது. அச்சும் ஆடினால் அந்த நைவு பன்மடங்காகிறது.

அச்சைத் தாங்கியிருந்தது வெள்ளை உலோகம். அமெரிக்கராகிய ஐசக் பாபிட் 1839-இல் உரிமை பெற்ற தாங்கி அமைப்பிலிருந்து பரவியது இது. வெள்ளீயத்தோடு சிறிது ஆண்டிமனியும் செம்பும் கலந்தது. அச்சைக் காத்துத் தான் தேயும் இயல்புடையது. பெட்டியைக் கடைந்து குண்டுத் தாங்கி வைக்கலாம் என்றார்கள் நண்பர்கள். கடைந்த இரும்பு திரும்பி வளராது. ஆதலால் பழைய முறையிலேயே வார்ப்பதென்று துணிந்தேன்.

பழைய உலோகத்தை உருக்கி வெளியேற்றினோம். புதிய உலோகம் ஒட்டாதிருக்க அச்சின்மீது விளக்குப் புகையைப் படியவிட்டோம். முதல் வார்ப்பு பாழ். காரணம் என் அவசரம். பெட்டியையும் அச்சையும் சூடாக்கவில்லை. குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் உலோகம் மடிப்பு மடிப்பாக உறைந்துவிட்டது. ஈரம் மட்டும் இருந்திருந்தால் நீராவி உலோகத்தை முகத்தில் தெறிக்கவிட்டிருக்கும். மறுநாள் இரும்பை நன்கு காயவைத்துச் சூடேற்றினோம். உலோகத்தில் ஒரு மரக்குச்சியைச் செருகினார் ஆசாரியார். குச்சி கருகியது, தீப்பற்றவில்லை. "இதுதான் பதம்" என்று ஒரே மூச்சில் ஊற்றினார். முதலில் கீழ்ப்பாதி, பிறகு மூடி.

அதன்பின் நான்கு நாள் சுரண்டல் வேலை. அச்சில் நீலச் சாயம் தடவிச் சுழற்றினால், மேடிட்ட இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அவ்விடங்களைச் சுரண்டி மீண்டும் சுழற்றவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் முதல்நாள் இரண்டு மூன்று புள்ளிகளாகத் தோன்றிய நீலம், நான்காம் நாள் தாங்கி முழுவதும் பரவியதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பேன்!

எண்ணெய் விட்டு, மூன்றாவது வாளை மாட்டி, ஒரு வேப்பம் பலகையை அறுத்தோம். அரைமணி நேரம் ஓடிற்று. ஆசாரியார் பலகையைப் பார்க்காமல், பின்புறம் சென்று தாங்கிப் பெட்டியின்மீது உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"சூடில்லை" என்றார்.