ருஷ்யப் பட்டணங்களில் அந்நியர் நிலைமை



மாஸ்கோ, லெனின்கிராட் முதலான ருஷ்யப் பெரும் பட்டணங்களில் அந்நிய தேசத்தாரும், ருஷ்யரல்லாத சிறு கூட்டத்தாரும் எப்படி நடத்தப்பட்டு வந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லப் போகிறோம். ருஷ்யா என்றால் நமது கூட்டங்களில் கைதட்டுவது வழக்கம். தோழர் ஈ. வெ. ராமசாமி 1932-ம் வருஷம் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது முதல் நாம் அதைப் புகழ்ந்தே பேசி வந்திருக்கிறோம். கடவுளையே கேள்வி கேட்கிற நாம், நமக்குப் பிடித்த தேசத்தை மாத்திரம் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டால் அது பகுத்தறிவாகுமா?

அதே 1932-ம் வருஷக் கடைசியில்தான் அங்கு உள்நாட்டு பாஸ்போர்ட் முறை ஏற்பட்டது. அதிலே பேரும் பிறந்த தேதியும் போதாதென்று, இன்ன இனத்தான் என்று எழுத ஓர் இடமும் வைத்தார்கள். 1936-ல் எல்லா இனத்தாரும் சமம் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1938 முதல், தாய் தகப்பன் இனம் எதுவோ அதுவே பிள்ளையின் இனம் என்று ஆக்கினார்கள். சட்டத்திலே சமத்துவம், சட்டைப் பையிலே பிறவி! பிறவியைக் குறித்து வைக்கிற ஏடு எதற்குப் பயன்படும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அது புது பாஸ்போர்ட்டிலிருந்து போனது 1997-ல்தான்.

1960-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று மாஸ்கோவில் ஒரு சர்வகலாசாலை திறந்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் 1963 டிசம்பரில் கானா தேசத்து மாணாக்கர் ஒருவர் பிணமாகக் கிடந்தபோது, குளிரில் விறைத்துச் செத்தார் என்றது சர்க்கார். கொலை என்றார்கள் ஆப்பிரிக்க மாணாக்கர்கள். நூற்றுக்கணக்கில் திரண்டு செஞ்சதுக்கத்துக்கே ஊர்வலம் போனார்கள். புகை அப்போதே கிளம்பிவிட்டது.

1991-ல் சோவியத் ராஜ்யம் உடைந்தது. நேற்று வரை ஒரே ராஜ்யத்துப் பிரஜைகளாயிருந்த தாஜிக்கியரும் உஸ்பெக்கியரும் மாஸ்கோவுக்கு அந்நியராகிவிட்டார்கள். தெருக் கூட்டவும் கட்டடம் கட்டவும் அவர்கள்தான் வேண்டும். பக்கத்திலே குடியிருக்க மாத்திரம் வேண்டாம்! செச்சேனியர், தாகெஸ்தானியர் ருஷ்யப் பிரஜைகளே. அவர்களையும் "காக்கேசிய இனத்தான்" என்கிறார்கள். காக்கேசியா ஒரு மலை நாடு. அங்கே எத்தனையோ இனங்கள் உண்டு. அப்படியொரு இனம் மாத்திரம் கிடையாது. மாஸ்கோ சுரங்க ரயில் நிலையங்களில் கணக்கெடுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டதில், ஸ்லாவியரல்லாதவரைப் போலீசார் மற்றவரைவிட 20 மடங்குக்கு மேல் நிறுத்திச் சோதித்தது தெரிய வந்தது. பாஸ்போர்ட்டிலே எழுத்து போய்விட்டது; இப்போது முகத்தையே பாஸ்போர்ட்டாகப் படிக்கிறார்கள்.

இதிலே மிகவும் வெட்கக்கேடானது ஒன்று. 1941 முதல் 1944 வரை ஹிட்லர் சேனை லெனின்கிராட் பட்டணத்தை 872 நாள் முற்றுகையிட்டது. பட்டினியில் லக்ஷக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தப் பட்டணத்திலே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பழைய பேருக்குத் திரும்பிய பிறகு, மாண்டவர்களின் பேரப் பிள்ளைகள் தலையை மொட்டையடித்துக்கொண்டு ஹிட்லருக்கு ஜே போடக் கிளம்பினார்கள். ஏப்ரல் 20 அவன் பிறந்த நாள். அது வந்தால் விடுதியை விட்டு வெளியே போகாதீர்கள் என்று அந்நிய மாணாக்கர்களுக்கு எச்சரிக்கை வந்ததுண்டு.

2004 பிப்ரவரியில் அந்தப் பட்டணத்தில் 9 வயது தாஜிக்கியச் சிறுமியை, தகப்பன் கண் முன்னே, ஒரு கும்பல் குத்திக் கொன்றது. 2006-ல் ஜூரிகள் அதைக் கொலையென்று சொல்லவில்லை. போக்கிரித்தனம் என்று தீர்த்தார்கள். அதே 2006 ஏப்ரலில் செனெகால் மாணாக்கர் ஒருவர் சுடப்பட்டார். கிடந்த துப்பாக்கியிலே ஸ்வஸ்திக் குறி. செப்டம்பரில் இந்திய மருத்துவ மாணாக்கர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். மருத்துவம் படிக்க நம் பிள்ளைகளும் அங்கு போகிறார்களே, கட்டணம் குறைவு என்று சொல்லும் தரகர்கள் இதைச் சொல்லுவார்களா?

அப்படியானால் ருஷ்யரெல்லாம் வெறியரா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இல்லை. நிக்கோலாய் கிரென்கோ என்ற மக்களின நூல் அறிஞர் ருஷ்யர்தான். வெறியர் வழக்குகளில் கோர்ட்டிலே நிபுணராக நின்று, இது இனப் பகையே என்று சாக்ஷி சொன்னவர். 2004 ஜூனில் அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று, கதவின் வழியாகவே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2011-ல்தான் அந்தக் கும்பலுக்குத் தண்டனை கிடைத்தது.

பிறகு போலீசார் கடுமை காட்டினதால் கொலைகள் குறைந்தன என்பதும் மெய். ஆனால் 2024 மார்ச்சில் மாஸ்கோவை அடுத்த ஒரு கச்சேரி மண்டபத்தில் 140 பேருக்கு மேல் கொல்லப்பட்டு, தாஜிக்கியர் சிலர் பிடிபட்டவுடன், அந்த இனத்துத் தொழிலாளி ஒவ்வொருவனும் குற்றவாளியைப் போல் பார்க்கப்பட்டான். நாலு பேர் செய்ததற்கு ஒரு ஜனசமூகத்தையே கூண்டிலேற்றினார்கள்.

இவ்வகைத் தாக்குதல்களை 2002 முதல் கணக்கெழுதி வந்த ஸோவா என்ற ஸ்தாபனம் மாஸ்கோவில் இருந்தது. 2008 ஒரு வருஷத்திலேயே 100 பேருக்கு மேல் மாண்டதை வெளியிட்டதும் அதுதான். 2023-ல் கோர்ட்டார் அதைக் கலைக்க உத்தரவிட்டார்கள். அது செய்த குற்றம் என்ன தெரியுமா? மாஸ்கோவுக்கு வெளியே நடந்த கூட்டங்களில் கலந்துகொண்டதாம்!