வீட்டு வாசல்ல வேன்

போன எபிசோடுல நாய்களோட ஊர் சுத்துறது பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். டிப்ஸ் கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. டிப்ஸ் கொஞ்சம் இருக்கு, சொல்றேன். ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது எங்க அத்தையைப் பத்தி.

எங்கப்பாவோட அக்கா. அம்பகரத்தூர்ல தனியா இருக்காங்க. மாமா தவறி ஆறு வருஷம் ஆகுது. ஊர் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். திருநள்ளாறுக்குப் பக்கம், காரைக்கால் மாவட்டம். அம்பரன்ங்கிற அசுரனைக் காளி வதம் பண்ணின இடம்னு தலபுராணம். பத்ரகாளியம்மன் கோயில்னா டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும். சென்னையில இருந்து கிளம்பினா தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு, பேரளம் தாண்டி மறுபடி புதுச்சேரி. வண்டி நம்பர் பிளேட்டு பிஒய் 02ன்னு மாறும், பெட்ரோல் பங்க்ல கூட்டம் மாறும், வயல் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

அத்தையைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. காரணம் கேட்டா நாய்னு சொல்லுவேன். எங்ககிட்ட ரெண்டு இருக்கு. தக்காளி, தெருவுல எடுத்த நாட்டு நாய். ப்ரூனோ, லேப்ரடார். ரயில்ல கூட்டிட்டுப் போகணும்னா ஃபர்ஸ்ட் ஏசியில ஒரு கூபே முழுசா நமக்கே கிடைக்கணும், இல்லன்னா கார்டு பெட்டியில இருக்கிற கூண்டுல ஏத்தணும். பஸ்ஸை மறந்துடுங்க. போன மே மாசம் தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தன், டெம்போ டிராவலரை மாத்தி அமைச்ச கேம்பர் வேன் வச்சிருந்தான். பத்து நாள் குடுத்தான். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் உண்டு. சித்தப்பா, மாமா, அத்தைன்னு டெல்டா முழுக்க ஒரு ரவுண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாம. இதுதான் பிளான். அந்தக் கடைசி வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க.

சரி, டிப்ஸ். மே மாசத்துல நாயோட போறீங்கன்னா காலையில நாலு மணிக்குக் கிளம்புங்க, பத்து மணிக்குள்ள நிழல்ல நில்லுங்க. ஜன்னலை மூடி வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி ஏறிடும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு இரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும். ‘ரெண்டு நிமிஷம், டீ குடிச்சிட்டு வந்துடறேன்’ங்கிற பேச்சே கூடாது. இறக்கி விடறதுக்கு முன்னாடி உங்க புறங்கையைத் தார் ரோட்டுல அஞ்சு செகண்ட் வச்சுப் பாருங்க. உங்களால முடியலன்னா அதோட காலாலயும் முடியாது. சிதம்பரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில நாங்க முக்கால் மணி நேரம் நின்னோம், ப்ரூனோ எழுந்திருக்க மாட்டேன்னுட்டான்.

மத்தியானம் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12தானே திறப்பாங்க. அத்தை வாசல்லயே நின்னாங்க. முதல்ல நாயைப் பாத்தாங்க, அப்புறம் வேனை, அப்புறம்தான் எங்களை.

"இவ்ளோ பெரிய வண்டி எதுக்குடி?"

நான் ரொம்பப் பெருமையா சொன்னேன். "அத்தை, உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. நாங்க வேன்லயே படுத்துக்குவோம். நாயும் எங்ககூடவே இருக்கும். கட்டில் எல்லாம் இருக்கு, வந்து பாருங்களேன்."

அத்தை வந்து பாக்கல. "சாப்பிட வாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

அமெரிக்காவுல ஆர்.வி. வச்சிருக்கிறவங்க சொந்தக்காரங்க வீட்டு வாசல்ல நிறுத்திட்டு அதுலயே தூங்குறதை வீடியோவுல பாத்திருக்கேன். அங்க அது மரியாதை. உன் பாத்ரூமை உபயோகிக்க மாட்டேன், உன் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்னு அர்த்தம். நானும் அப்படித்தான் நினைச்சேன். சாப்பிட்டுட்டு கை கழுவக் கொல்லைக்குப் போனப்பதான் பாத்தேன். கொடியில ரெண்டு மெத்தை காஞ்சுட்டு இருந்துச்சு. நாலு தலகாணி, புது உறை. கடையோட ஸ்டிக்கர்கூட எடுக்கல.

அப்பவே வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. நாய் விஷயத்துல எனக்கு ஒரு கோபம் இருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி தக்காளியை வச்சுக்கிட்டு ஃபோன் பண்ணப்ப, "நிலைக்கு உள்ளே நாய் வரக்கூடாது, சாமி இருக்கிற வீடு"ன்னு அத்தை சொன்னாங்க. அதை மனசுல வச்சுக்கிட்டு, ‘நாய் வராத வீட்டுக்கு நானும் வரல’ன்னு மூணு வருஷம் ஓட்டிட்டேன். வேன் எடுத்ததுல அந்த வீம்பும் கொஞ்சம் இருந்துச்சு. இதை என் தம்பிகிட்டகூட அப்ப சொல்லல.

ராத்திரி எட்டரை மணிக்கு "படுத்துக்கறோம் அத்தை"ன்னு சொன்னோம். அத்தை வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க:

"பிரான்ஸ்ல உன் மச்சானும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். காம்ப்பிங் காருன்னு பேரு. நான் போயிருந்தப்ப அதுல கூட்டிட்டுப் போனான். அவனுக்கு அந்த ஊர்ல சொந்தக்காரன் கிடையாது, வண்டியில படுக்கிறான். உனக்கு என்ன கேடு?"

காரைக்கால் பக்கம் இது சகஜம். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணு, பல வீட்டுல யாராவது ஒருத்தர் பாரிஸ்ல இருப்பாங்க. ஆனா எங்க வேனுக்கு அத்தைகிட்டயே ஒரு பேர் இருக்கும்னு நான் எதிர்பாக்கல. பதில் சொல்லத் தெரியாம சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். பின்னாடி கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

வேன்ல தூக்கமா? இன்ஜினை ஓட்டினாத்தான் ஏசி. நைட்டு பூரா ஓட்ட முடியாது. ஜன்னலைத் திறந்தா டெல்டா கொசு. பேட்டரி ஃபேன் பதினொண்ணரைக்கு நின்னுடுச்சு. ப்ரூனோ இரைக்கிறான், தக்காளி தெரு நாய்ங்க குரைக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லுது, தம்பி திட்டுறான். ஒரு மணி இருக்கும், வெளிச்சம் தெரிஞ்சுது. அத்தை திண்ணையில உக்காந்திருந்தாங்க, கையில பனை விசிறி. அவங்களும் தூங்கல.

"இறங்கி வாங்க. அதுங்களையும் கூட்டிட்டு வா."

"நிலைக்கு உள்ளே..."

"திண்ணை நிலைக்கு வெளியதான் இருக்கு. பாத்தா தெரியல?"

அந்த வீட்டுத் திண்ணை நல்ல அகலம். தலை வைக்கிற இடத்துல சாய்வா மேடு கட்டியிருக்கும். வழிப்போக்கன் வந்தா கேக்காமலே படுத்துட்டுப் போகலாம்னு அந்தக் காலத்துல கட்டினது. சின்ன வயசுல அதுல சறுக்கி விளையாடியிருக்கேன். நாய் எங்க தூங்கும்னு மூணு வருஷமா மனசுக்குள்ள சண்டை போட்டிருக்கேன், இந்தத் திண்ணை ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரல பாருங்க.

அத்தை உள்ளே போய் அந்த ரெண்டு மெத்தையையும் கொண்டுவந்து போட்டாங்க. நாய் ரெண்டும் கீழ்ப்படியில படுத்துச்சு. சிமெண்டுத் தரை சில்லுனு இருந்துச்சு போல, ப்ரூனோ அஞ்சே நிமிஷத்துல குறட்டை. அத்தை எங்களுக்கு விசிறிக்கிட்டே மாமா ஆஸ்பத்திரியில இருந்த கடைசி பத்து நாளைப் பத்திப் பேசினாங்க. நான் அதை அதுவரைக்கும் கேட்டதில்ல. யாரும் வந்து கேக்கல, அதனால சொல்லல. மூணு மணி வரைக்கும் பேசினாங்க.

காலையில எழுந்து பாத்தா தக்காளி ஒரு நசுங்கின அலுமினியத் தட்டுல தயிர் சோறு தின்னுட்டு இருந்துச்சு. "யார் தட்டு அத்தை?"ன்னேன். "மணியோடது"ன்னாங்க. மாமா வளத்த நாய். மாமா போன அடுத்த மாசமே அதுவும் போயிடுச்சாம். தட்டைக் கொல்லையில கவுத்து வச்சிருந்திருக்காங்க. ரெண்டு நாள் இருந்தோம், அத்தை தக்காளியையும் மணின்னுதான் கூப்பிட்டாங்க, ப்ரூனோவையும் மணின்னுதான் கூப்பிட்டாங்க. ரெண்டும் ஓடுச்சு.

கிளம்புற அன்னைக்கு வேன் கதவைத் திறந்து அத்தையே ஏத்தினாங்க. அரை மூட்டை அரிசி, வாழைத்தார் ஒண்ணு, வடாம், ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாத்தையும் கட்டில் மேலயே வச்சாங்க. "படுக்கிற இடம் அத்தை அது"ன்னான் தம்பி.

"மன்னார்குடிக்கு ஃபோன் பண்ணிட்டேன். உங்க சித்தப்பா பாய் போட்டு வச்சிருப்பான்"னாங்க.