என்னை ஏசிய புத்தகங்கள்

(சங்கத்தின் வாசகர் மாலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சுவழக்குச் சொற்கள் சில அப்படியே விடப்பட்டுள்ளன.)



நான் எழுத்தாளனும் அல்ல, விமர்சகனும் அல்ல. புத்தகம் கண்டால் வாசிக்கிற ஆள், அவ்வளவுதான். கடையில் சீனி சுத்தித் தந்த பேப்பரையும் விரிச்சு வைச்சு வாசிக்கிறான் எண்டு அம்மா பேசுவா. ஆகையால் இலக்கியத் தராதரம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சில புத்தகங்கள் என்னை என்ன செய்தன என்பதை மட்டும் சொல்லப்போகிறேன்.

இதைச் சொல்ல ஒரு காரணமும் உண்டு. சென்ற பொதுக்கூட்டத்தில் எங்கள் சங்கத்து அலுமாரி பற்றி ஒரு கதை வந்தது. இடம் போதாது, ஆகவே பிள்ளைகளுக்கு எங்கள் பெருமையைச் சொல்லும் நூல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம் என்றார்கள். கழிக்கிற பட்டியலை நானும் பார்த்தேன். நான் இன்று பேசப்போகிற புத்தகங்களில் மூன்று அதில் இருந்தன.

முதலில், கழிபடாத ஒரு புத்தகம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950இல் இருந்து தொடராக வந்த கதையைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர் எங்கள் மாமா. பதின்மூன்று வயதில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வாசித்தேன். வந்தியத்தேவனோடு நானும் குதிரையில் போனேன். சோழர் படை ஈழத்தில் நிற்கும் பகுதியில் நான் படையின் பக்கம்தான். படையினருக்கு வேண்டிய அரிசியைச் சோழநாட்டிலிருந்தே அனுப்ப வேண்டும், இந்த நாட்டுச் சனத்திடம் பறிக்கக்கூடாது என்று இளவரசர் நினைக்கிற இடம் வரும். அரிசிக் கணக்கு எனக்கென்னத்துக்கு என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

பின்னாளில் எங்கள் ஊரிலேயே ஆமிக்காம்ப் வந்தது. ஒரு படை கிட்ட இருந்தால் கோழி என்ன ஆகும், கிணறு என்ன ஆகும், பெண்பிள்ளைகள் எந்த ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போகவேண்டி வரும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு திரும்ப வாசித்தபோது அந்த அரிசிக் கதையில்தான் நான் நின்றேன். கல்கி எழுதி வைத்திருக்கிறார்; நான்தான் பார்க்கவில்லை. புத்தகத்திடம் நான் வாங்கிய முதல் ஏச்சு அது.

இரண்டாவது ‘நிலவளம்’. நோர்வே எழுத்தாளர் குனூட் ஹம்சுன் எழுதியது. தமிழில் தந்தவர் க.நா.சுப்ரமண்யம். சுவீடன் நாட்டு லாகர்குவிஸ்டின் ‘அன்பு வழி’யையும் அவர்தான் தந்தார். இந்த நாடுகளின் பனியை நான் முதன்முதல் பார்த்தது யாழ்ப்பாணத்து வெயிலில், க.நா.சு.வின் தமிழில்தான்.

1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது. யாழ். பொது நூலகத்து இரவல். மே 31ஆம் திகதி இரவு நூலகத்தைக் கொளுத்தினார்கள். 97,000க்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். என் கையிலிருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி அதில் அடிச்சிருந்தது. அந்தத் திகதி வந்தது. கொடுக்க இடம் இல்லை. நான் 1988இல் இங்கே வந்தபோது அது வீட்டு அலுமாரியில் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதுவும் போய்விட்டது.

கதை இதுதான். ஐசக் என்றொருவன் காட்டுக்குள் போய் ஒரு துண்டு நிலத்தைத் திருத்திக் குடியிருக்கிறான். ஊரில் வாசித்தபோது வன்னியில் காடு வெட்டிக் குடியேறின எங்கள் சனம்தான் ஞாபகம் வந்தது. ஐசக்கின் மூத்த மகன் எலேசேயுஸ் பட்டணத்துக்குக் கந்தோர் வேலைக்குப் போகிறான். திரும்பி வந்தால் மண்வெட்டி பிடிக்க வராது; பட்டணத்திலும் ஒட்டவில்லை. கடைசியில் அமெரிக்காவுக்குப் போனவன் திரும்பவே இல்லை. “சோம்பேறி” என்று அன்றைக்குச் சொன்னேன்.

இங்கே வந்து வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், அகராதியும் கையுமாக ஒரு மாரிகாலம் முழுக்க அதே புத்தகத்தை நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். அப்போதுதான் எலேசேயுஸ் யார் என்று விளங்கியது. ஊரிலும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் நின்றவன் நான்தான்!

அந்தப் புத்தகத்தை மேசையில் கண்ட நோர்வேக்காரர் ஒருவர், “உந்த ஆளையா வாசிக்கிறாய்?” என்று முகம் சுழித்தார். பிறகுதான் அறிந்தேன். ‘நிலவளம்’ எழுதிய சிறப்புக்காக 1920இல் நோபல் பரிசு பெற்ற ஹம்சுன், 1940இல் ஜேர்மன் படை இந்த நாட்டைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் நின்றவர். 1943இல் தன் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் மந்திரி கோயபல்சுக்குக் கொடுத்தவர். 1945இல் ஹிட்லர் செத்தபோது புகழ்ந்து அஞ்சலி எழுதியவர். போர் முடிந்தபின் அவருக்குப் பெரிய தண்டப்பணம் விதித்தார்கள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். பதினைந்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. எதிரியின் பக்கம் போன மனிதரின் நூலை இந்த நாட்டு நூலகம் கழிக்கவில்லை. ஆளின் குற்றத்தையும் மறைக்கவில்லை, நூலையும் ஒளிக்கவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டு வாசி என்று விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது கே. டானியல் எழுதிய ‘பஞ்சமர்’. இதை நான் முதன்முதல் வாசித்தபோது பாதியில் மூடினேன். “எங்கட ஊத்தையை வெளியில கொட்டுறார்” என்று கோபம். உண்மையான காரணம் வேறு. எங்கள் வீட்டுக்கு வேலி அடைக்க ஒரு பெரியவர் வருவார். அவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில். கொண்டுபோய்க் கொடுப்பது பத்து வயது நான். என் அப்பாவிலும் மூத்த மனிதரைப் பெயர் சொல்லி, “நீ” போட்டுக் கூப்பிடுவேன். அவர் என்னை “தம்பி, நீங்கள்” என்பார். டானியல் எழுதியது என் வீட்டு முற்றம். அது பொறுக்காமல்தான் மூடினேன்.

முழுதாக வாசித்து முடிக்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது. முடித்தபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. சிரட்டை ஊரோடு போய்விட்டது என்று நீங்கள் சொல்லலாம். மீன் தொழிற்சாலையில் எல்லாரும் ஒரே கோப்பையில் கோப்பி குடித்தோம், உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது, “எவடம்? ஆற்றை ஆக்கள்?” என்று இந்த மண்டபத்திலேயே கேட்கிறோமா இல்லையா?

நான்காவது அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1948இல் இந்தியப் படை புகுந்த காலத்து ஐதராபாத். சிக்கந்தராபாத்தில் ரயில்வே உத்தியோகத்தரின் மகன், கிரிக்கெட் விளையாடுகிற சாதாரணத் தமிழ்ப் பெடியன். கடைசியில் கலவர இரவொன்றில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் விழுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் என்ன செய்யத் துணிகிறாள் என்பதைக் கண்டு வெட்கித்து ஓடுகிறான்.

1983 ஆடிக்குப் பிறகு கலவரக் கதை என்றால் அதிலே அடிவாங்குகிறவன் நான் என்றே வாசித்துப் பழகியவன். இங்கே என்னைப் போல ஒருவனைக் கண்டு மற்றவர்கள் நடுங்குகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றிய செய்தி எனக்கு இங்கே வைத்துத் தெரியவந்தது. எனக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்துத் தந்த சோனகதெருத் தையற்காரரும் போயிருப்பார். நான் ஒன்றும் பேசவில்லை. யாரோடும் பேசவில்லை. அந்தப் புத்தகத்தை வாசித்த இரவுதான் அந்தப் பேசாமை என்னைச் சுட்டது.

கடைசியாக, தமிழ்ப் புத்தகம் அல்லாத ஒன்று. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு. 1942 ஆடியிலிருந்து 1944 ஆவணி வரை அம்ஸ்ரடாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி எழுதியது. 1947இல் டச்சு மொழியில் வெளிவந்தது. பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குக் கொடுத்தார்கள். அவள் அந்தச் சிறுமியை வாசித்தாள். நான் தகப்பனை வாசித்தேன். 1941இல் குடும்பத்தை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போக அந்த மனிதர் எழுதிய கடிதங்கள் எத்தனை! அலைந்த அலைச்சல் எத்தனை! விசா கிடைக்கவில்லை. விண்ணப்பம் எழுதிப்போட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதை விளக்கவேண்டுமா?

மகள் வாசித்து முடித்துவிட்டு, “அப்பா, 1987இல சண்டை நடக்கேக்க நீங்கள் எங்க ஒளிச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றிரவு பன்னிரண்டு மணிமட்டும் இருந்து கதைத்தோம். பங்கரையும் சொன்னேன். சிரட்டையையும் சொன்னேன். தையற்காரரையும் சொன்னேன். “எங்கட பெருமை” என்று நான் வருசக்கணக்காகச் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவள், அன்றைக்குத்தான் இருந்து கேட்டாள்.

சபையோரே, என்னைப் புகழ்ந்த புத்தகங்கள் எனக்குச் சந்தோசம் தந்தன, மறுக்கவில்லை. அவையும் வேண்டும். ஆனால் ஏசிய புத்தகங்கள்தான் என்னை ஆளாக்கின. பெற்ற தாய் புகழவும் செய்வா, ஏசவும் செய்வா. ஏசாமல் புகழுகிற தாயிடம் வளர்ந்த பிள்ளை உருப்படுமோ?

யாழ். நூலகம் திரும்பக் கட்டப்பட்ட பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நான் கொடுக்கவேண்டிய புத்தகம் என்னிடம் இல்லை. வரும் வழியில் சென்னையில் தேடி இன்னொரு பிரதி வாங்கினேன். அதைத்தான் இந்தச் சங்கத்து அலுமாரியில் வைத்தேன். இப்போது கழிபடப்போகிற ‘நிலவளம்’ அதுதான்.

அன்று எங்கள் புத்தகங்களை மற்றவர்கள் எரித்தார்கள். இன்று நாங்களாகவே கழிக்கவேண்டாம். இடம்தான் பிரச்சினை என்றால் பலகை என் செலவு. ஆணி அடிக்க இரண்டு தம்பிமார் வந்தால் போதும். வருகிற சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு நான் இங்கே நிற்பேன்.